மக்கள் பயன்பாட்டுக்கான அண்டா

அநீதி இழைக்கப்பட்டவர் பஸ் கண்டக்டர் அத்தை. அநீதி என்னவென்றால், நாட்டின் புராதன நாடாளுமன்றத்தைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில், ஒன்றுக்குப் போகவேண்டும் என்ற அவருடைய கோரிக்கை ஓட்டெடுப்பில் தோற்கடிக்கப்பட்டது.

ஓடும் வண்டியிலேயே காலம் தள்ளியவர், அடக்குவதில் கைதேர்ந்தவர். ஆனால் வழிகாட்டி தூண் தூணாக வம்சாவளி சொல்லி, மூலைத் திரைக்குப் பின்னாலிருந்த வெண்கல அண்டாவுக்கு வருவதற்குள் அத்தைக்கு வியர்த்துவிட்டது.

"நிறுவியவர்கள் மக்கள் பயன்பாட்டுக்காக வழங்கியது. இன்றுவரை ஒருத்தரும் பயன்படுத்தினதில்ல!" என்றார் வழிகாட்டி பெருமையாக.

பிறகு, இப்போதைய நாகரிகப்படி, பார்வையாளர்களை உறுப்பினர் நாற்காலிகளிலேயே உட்கார வைத்தார். எல்லோரும் செல்ஃபிக்காக முகத்தை இறுக்கிக்கொண்டார்கள்.

"தம்பி, பாத்ரூம் எங்கப்பா?"

"உட்கார்ந்துகிட்டு கேள்வி கேக்கக் கூடாதும்மா. எழுந்து கேளுங்க."

"எழுந்தா அப்புறம் கேக்கவே வேண்டியிருக்காது."

வழிகாட்டி தொண்டையைச் செருமினார். "கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கு. கதவைத் திறந்தா சுற்றுலா முடிஞ்சதா அர்த்தம். சபாநாயகர் நாற்காலியில போட்டோ கிடையாது. அவையோட விருப்பம் என்ன?"

அத்தையின் அண்ணன் மகள் துள்ளி எழுந்தாள். கல்லூரியில் ஒரு பேச்சுப் போட்டியையும் விட்டுவைக்காதவள். "இது அடிப்படை உரிமை!" என்று ஆரம்பித்து மனிதகுல வரலாற்றுக்குள் போய்விட்டாள். மேசைகள் தட்டப்பட்டன.

"சீக்கிரம் முடிடி கண்ணு," அத்தை பல்லைக் கடித்தார்.

"கொள்கைப் பிரச்சினை அத்தை, அவசரப்பட முடியாது!" என்றவள், இப்படியொரு ஓட்டெடுப்பில் பங்கேற்பதே அவமானம் என்று முழங்கி, வெளிநடப்புச் செய்து தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். அத்தைக்கு நிச்சயமாக விழவேண்டிய ஓட்டும் அவளோடு நடந்துபோனது.

உயர்ந்தது அத்தையின் ஒற்றைக் கை.

"இல்லை என்போரே அதிகம்!"

அவை சபாநாயகர் நாற்காலியை நோக்கி முண்டியடித்தது. அத்தை திரைக்குப் பின்னால் போனார். திரும்பியபோது அவர் முகத்தில் அப்படியொரு சாந்தம்.

அடுத்து அண்டாவோடு போட்டோ. "ஐயோ, உள்ள தண்ணி இருக்கு!" என்றார் ஒருவர்.

வழிகாட்டி ஒரு கணம்தான் யோசித்தார். "நிறுவியவர்கள் காலத்திலேயே நிரப்பப்பட்டதாகக் கருதப்படுகிறது."

பயபக்தியோடு எல்லோரும் விரலை நனைத்து நெற்றியில் தடவிக்கொண்டார்கள். வழிகாட்டியும்தான். வெளிநடப்பிலிருந்து திரும்பிய அண்ணன் மகள் இரண்டு முறை.

ஈர நெற்றியோடு அவள் வழிகாட்டியை மறித்தாள். "எங்க அத்தையோட கோரிக்கைக்குப் பதில் சொல்லாம இங்கேருந்து ஒருத்தரும் நகர முடியாது!"

"விடுடி," என்றார் அத்தை. "பதிலைத்தான் எல்லாரும் நெத்தியில தடவிக்கிட்டீங்களே."