சங்கரா ரெடி

குளியலறையில் அனுப்ரியா தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டு மேசைமேல் கிடந்த அவளுடைய போன் ஒருமுறை உறுமியது. ஹரி அதை எடுக்கவில்லை. எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான்.

"சங்கரா ரெடி. சனிக்கிழமை 11 மணி. போன வாட்டி மாதிரி அவசரப்படாம, நிதானமா."

அனுப்பியது மேகலா என்று ஒருத்தி. பெயருக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஏழெழுத்து. ஹரி எழுத்துக் கூட்டிப் படித்தார். பௌடாயர். எந்த ஊர்க் குடும்பப்பெயரோ, தெரியவில்லை.

ஹரிக்கு உத்தியோகமே சந்தேகப்படுவதுதான். தி.நகரில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருபத்திரண்டு வருஷம். இடது கால் முறிந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தவர் வலது காலை நொண்டுவதை மாடிப்படியிலேயே கண்டுபிடித்தவர். ஆனால் அந்தச் சந்தேகத்தை அவர் மயிலாப்பூர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. ஆபீஸ் டிராயரிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வருவார். இன்றைக்கு அது தானாகவே பஸ் ஏறி வந்துவிட்டது.

அனு தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"ஏதோ மெசேஜ் வந்துது," என்றார் ஹரி.

"ஸ்கூல்லேர்ந்து இருக்கும்." போனைப் பார்த்தாள், கவிழ்த்து வைத்தாள். "சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் இருக்குன்னா. நீங்களே போட்டுண்டு சாப்டுடுங்கோ."

"போன சனிக்கிழமையும் இருந்துதே?"

"பசங்க கெமிஸ்ட்ரில ரொம்ப வீக்."

போன சனிக்கிழமை ஹரிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு மணிக்கு வந்தவள், செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் சமையலறைக்கு ஓடி, இரண்டு வாழைப்பழத்தை மெல்லாமல் அப்படியே முழுங்கினாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. கேட்டதற்குப் பசி என்றாள். அப்புறம் பத்து நிமிஷம் பேசவே இல்லை. குற்ற உணர்ச்சி தொண்டையை அடைக்கும் என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார்.

ஆபீஸ் போனதும் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார். வாட்ச்மேன் எடுத்தார்.

"சனிக்கிழமைல இன்னா சார் ஸ்பெஷல் கிளாசு? நானும் ரெண்டு நாயும்தான் கீறோம்."

"சங்கரான்னு யாராவது வாத்தியார் இருக்காரா?"

"அப்டி யாரும் இல்லியே."

அடுத்த மேசை லாரன்ஸ் விவரம் தெரிந்தவன். அந்த ஏழெழுத்தை ஒரு சீட்டில் எழுதி, ஒரு க்ளெய்ம் விஷயம் என்று சொல்லிக் காட்டினார்.

"சார், இது பிரெஞ்சு வார்த்தை. பூட்வான்னு சொல்லணும். பாதி எழுத்தை முழுங்கிடணும்."

"அதுக்கு அர்த்தம்?"

லாரன்ஸ் குரலைத் தாழ்த்தினான். "லேடீஸ் பெட்ரூம்ல இருக்கிற மாதிரி எடுத்துக்கிற போட்டோ சார். கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். யாருக்காவது பர்சனலா கொடுக்கிறதுக்கு எடுப்பாங்க."

யாருக்காவது. அந்த யாருக்கு ஒரு பெயர் இருந்தது. சங்கரா.

கல்யாணமாகி அடுத்த மாதம் இருபது வருஷம். அனு இல்லாத வீட்டை ஹரியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்றுதான் பயம். அதனால் விசாரணையில் இறங்கினார்.

மேகலாவின் ஸ்டூடியோ நொச்சிக்குப்பத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், முதல் மாடியில் இருந்தது. புதன்கிழமை அந்தச் சந்தை நான்கு முறை சுற்றினார். வியாழக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மாடி ஏறினார். தன் பெயர் முருகன், கே.கே. நகரிலிருந்து வருகிறேன், வட்டாரப் பத்திரிகை ஒன்றுக்குப் பேட்டி வேண்டும் என்றார்.

மேகலாவுக்கு முப்பது வயது இருக்கும். சந்தோஷமாக ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அறையில் ஒரு இரும்புக் கட்டில், ஒரு ஜன்னல். பின்சுவரைத் திரைபோட்டு மூடியிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் யாராவது மூச்சு விடுகிறார்களா என்று ஹரி காதைத் தீட்டினார்.

"இந்த பூட்வா போட்டோவுல உங்க ஸ்டைல் இன்னா?" மெட்ராஸ் பாஷையை ஆபீஸ் பாத்ரூமில் பழகிக்கொண்டு வந்திருந்தார்.

"எல்லாரும் செவப்பு சாட்டின், மெழுகுவத்தி, ரோஜாப்பூன்னு நெனச்சிக்கினு வராங்க சார். நம்மூரு வேர்வைக்கு சாட்டின் கட்னா ஒட்டிக்கினு வெந்து போய்டுவாங்க. எனுக்கு அதெல்லாம் வேணாம். கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்து, கட்டில் ஓரத்துல குந்திக்கினு, பொடவைல குத்துன ஊசிய ஒண்ணொண்ணா கழட்டி வாய்ல வச்சிக்குவாங்க பாருங்க. கடைசி ஊசியக் கழட்டிட்டு ஒரு மூச்சு உடுவாங்க. அந்த ஒரு நிமிசம்தான் சார் என் ஸ்டைலு. அப்ப அவங்கள யாரும் பாக்கறதில்ல. அவங்களும் யாருக்கோசரமும் அழகா இல்ல. அதனாலயே அவ்ளோ அழகா இருப்பாங்க."

ஹரி எழுதுவதை நிறுத்தினார். வாயில் நான்கு ஊசிகளைக் கவ்விக்கொண்டு அனு எதையோ சொல்வதும், "ஊசிய எடுத்துட்டுப் பேசேன்" என்று தான் நியூஸ் சானலைப் பார்த்தபடியே பதில் சொல்வதும் கண்முன் வந்தது. எத்தனை கல்யாணம். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கப்பட இப்போது நேரமில்லை என்பதும் ஞாபகம் வந்தது.

"டிசைனுக்கெல்லாம் இன்ஸ்பிரேஷன் எங்கேர்ந்து?"

"எல்லாம் எங்கம்மா குடுத்ததுதான்."

அம்மாவும் உடந்தை, என்று எழுதிக்கொண்டார். பிறகு மெதுவாக, "சங்கரான்னு ஒண்ணு கேள்விப்பட்டேன்," என்றார்.

மேகலாவின் முகம் மலர்ந்தது. "அதுக்குள்ள வெளிய தெரிஞ்சி போச்சா? ஆமா சார், நாப்பது வயசு தாண்டுனவங்க இப்ப சங்கராதான் கேக்குறாங்க."

"கல்யாணமானவாளா? ஆனவங்களா?"

"அவங்கதான் ஜாஸ்தி. மாநிறமா கீறவங்க சங்கரா பக்கத்துல நின்னாலே போதும், மூஞ்சிக்கு ஒரு களை வந்துடும்."

அனு மாநிறம். ஹரியின் பேனா நோட்டில் ஒரு பள்ளம் தோண்டியது.

"நல்ல செவப்போ?"

"ரோஸ் கலந்த செவப்பு. காலைல வெயில்ல பாக்கணும், மினுமினுன்னு."

ஹரி தன் கையைப் பார்த்துக்கொண்டார். அது எந்த வெயிலிலும் மினுமினுத்ததாகத் தெரியவில்லை.

"ஒருத்தர்தானா, இல்ல இன்னும்..."

"வவ்வால் கீது, காரப்பொடி கீது. அதெல்லாம் இன்னும் ரெடியாவல."

வவ்வால். காரப்பொடி. போலீஸ் செய்தியில் வருகிற ரவுடிகளின் பட்டப்பெயர்கள். ஹரி இரண்டையும் எழுதிக்கொண்டார்.

"உங்க ஆத்துக்காரர் இதுக்கெல்லாம் ஒத்துக்கறாரா?"

மேகலா சிரித்தாள். "கே.கே. நகர்ல ஆத்துக்காரர்னா சொல்றாங்க?"

ஹரி நன்றி சொல்லிவிட்டு வேகமாக இறங்கினார். கீழே படியை ஒட்டி ஒரு மீன் கடை. கூடை, பலகை, ஒரு அடுப்பு. கடைக்காரம்மா அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இன்னா சார், நேத்துலேர்ந்து இங்கியே சுத்திக்கினு கீற?"

"மீன் வாங்கத்தான்."

"இன்னா மீனு?"

"நல்ல மீனா."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஏதோ பொடிசாக அரைக் கிலோவைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். வாங்கி ஆபீஸ் பையில் போட்டுக்கொண்டார். அதை லாரன்ஸிடம் சேர்த்தாகிவிட்டது. "சார், நெத்திலியா?" என்று அவன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனால் பையிலிருந்து மீன் நாற்றம் போகவில்லை.

சாயங்காலம் பையை வாங்கி வைக்க வந்த அனு பாதி வழியில் நின்றாள். மூக்கு ஒருமுறை துடித்தது.

"இந்த வாசனை..." என்றாள். முகம் வெளுத்துவிட்டது. "எங்க போயிட்டு வரேள்?"

"சாந்தோம் பக்கம். ஒரு க்ளெய்ம் விஷயமா."

"அங்க யாரைப் பார்த்தேள்?"

"ஏன், அங்க உனக்கு யாரையாவது தெரியுமா?"

"எனக்கு யாரைத் தெரியும்?" என்று சொன்னவள், அன்றைக்கு ரசத்தைத் தண்ணீர் டம்ளரில் ஊற்றினாள். ஹரி அதை அப்படியே குடித்தார். சந்தேகத்துக்கு இனி அத்தாட்சி வேண்டியதில்லை. பையில் ஒட்டியிருந்த இடத்தின் நாற்றத்தை வைத்தே அவளுக்கு இடம் தெரிந்துவிட்டது என்றால், எத்தனை தடவை போயிருக்க வேண்டும்?

சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு ஹரி சந்து முனையில் ஒரு ஆட்டோவுக்குப் பின்னால் நின்றார். கண்ணியமாக என்ன பேசுவது என்று யோசித்து நான்கு வாக்கியம் தயார் செய்திருந்தார். அனு பட்டுப்புடவையில் வந்தாள். கெமிஸ்ட்ரிக்குப் பட்டுப்புடவை. மாடி ஏறினாள். கதவு சாத்திக்கொண்டது. பதினொன்று ஐந்துக்கு ஹரி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிக் கதவைத் தள்ளினார். நான்கு வாக்கியமும் மறந்துபோயிருந்தது.

"எங்க அந்த சங்கரா?"

"முருகன் சாரா?" என்றாள் மேகலா.

"ஏன்னா?" என்றாள் அனு.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தோளில் பாதி ஊசி கழன்றிருந்தது, மீதி வாயில் இருந்தது. வேறு ஆள் யாரும் இல்லை. ஹரி கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒரு துடைப்பம் இருந்தது.

"சங்கரா இதான் சார்," என்று மேகலா பின்சுவரைக் காட்டினாள். திரையை விலக்கியிருந்தாள். சுவர் முழுக்க ரோஸ் கலந்த சிவப்பு, நடுநடுவே வெள்ளி மினுக்கல். "ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு மீன் பேரு. கீழ எங்கம்மா கூடைல கீற கலருதான் எல்லாம். வவ்வாலுன்னா சாம்பல் வெள்ளி. காரப்பொடின்னா சுத்த வெள்ளி."

ஹரிக்குத் தெரிந்த மீன்கள் மொத்தம் இரண்டு. தசாவதாரத்தில் ஒன்று, ராசிக் கட்டத்தில் ஒன்று. இரண்டுக்கும் பெயர் மீன்தான்.

"அடுத்த மாசம் இருபது வருஷம் ஆறதே," என்றாள் அனு, ஊசிகளை உள்ளங்கையில் துப்பிக்கொண்டு. "நீங்க ஒருநாளும் திரும்பிப் பாக்கலை. போட்டோலயாவது பாருங்கோன்னு எடுத்துண்டேன். உங்களுக்குத்தான்."

மேகலா கேமராவின் முதுகுத் திரையில் போன வாரம் எடுத்த ஒரு படத்தைக் காட்டினாள். கடைசி ஊசியைக் கழற்றி, கண்ணை மூடி, மூச்சு விடுகிற அனு. ஹரி அழுதுவிட்டார். நாற்பத்தேழு வயதில் இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து, தான் ஒரு மடையன் என்று இரண்டு பேர் முன்னால் சத்தமாகச் சொன்னார். இரண்டு பேரும் மறுக்கவில்லை.

இருந்தாலும் உத்தியோகப் புத்தி போகாதே. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "போன வாட்டி மாதிரி அவசரப்படாமன்னு போட்டிருந்ததே, அது என்ன?"

மேகலா அனுவைப் பார்த்தாள். அனு சுவரைப் பார்த்தாள்.

"போன வாட்டி அவசரத்துல குத்திக்கினாங்க சார்," என்றாள் மேகலா. "ஊசிய."

ஹரி அனுவின் விரல்களைப் புரட்டிப் பார்த்தார். ஒரு தடயமும் இல்லை. ஒரு வாரத்தில் ஆறியிருக்கும் என்று அவரே முடிவு செய்துகொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில், மேற்கொண்டு விசாரிக்காமல் அவர் பாஸ் பண்ணிய முதல் க்ளெய்ம் அதுதான்.

"சரி வாங்கோ, போலாம்," என்று அனு அவர் கையைப் பிடித்து அவசரமாக இழுத்தாள். அவள் இப்படிக் கையைப் பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்று. ஹரி படியில் மிதந்து இறங்கினார். மீன் கடையைத் தாண்டும்போது அனு அந்தப் பக்கம் திரும்பாமல் இன்னும் வேகமாக நடந்தாள். பாவம், நாற்றம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

கடைக்காரம்மா அடுப்பிலிருந்து ஒரு தட்டை இறக்கியபடி கூப்பிட்டாள்:

"இன்னா டீச்சரம்மா, சாப்புடாம போற? சங்கரா சூடா கீது, போன வாரம் மாரி அவசரமா முழுங்கி தொண்டைல முள்ளு மாட்டிக்காம, குந்தி நிதானமா துன்னுட்டுப் போ."