அடுத்தவர் வலியை ஒப்புக்கொடுப்பவர்

இந்த இனத்தார் நம் பங்குக் கோவிலில் மட்டும் நாலாயிரம் பேர் இருக்கிறார்கள். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன், நாலு பேர். ஆனால் ஒவ்வொருவரும் ஆயிரம் பேருக்குச் சமம். கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் வலிக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் “ஒப்புக்கொடுத்துடுங்க” என்பார்கள். வந்த துன்பத்தைப் புலம்பாமல் ஆண்டவருக்குக் காணிக்கையாக்குவது கத்தோலிக்கர்களின் அழகான பழக்கம். இவர்களும் அதைத் தவறாமல் கடைப்பிடிக்கிறார்கள். என்ன, காணிக்கை மட்டும் அடுத்தவருடையது.

மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்து மேற்பார்வையாளரை எடுத்துக்கொள்ளுங்கள். பூசையில் வாசகம் வாசிப்பவர், செபமாலைக் குழுவின் தலைவர். மேசைமேல் மாதா சுரூபம், மேசைக்குப் பின்னால் மெத்தை வைத்த நாற்காலி, தலைக்கு மேல் ஏசி. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், இஸ்திரி போடும் அக்கா நீராவியில் வெந்துகொண்டிருப்பாள். கால் வீங்கிவிட்டதா? ஒப்புக்கொடு. காற்றாடி ஓடவில்லையா? ஒப்புக்கொடு. சாப்பிட உட்காரும் நேரத்தில் இன்னொரு வண்டித் துணி வந்து இறங்கியதா? ஆகா, எவ்வளவு பெரிய பாக்கியம், கட்டாயம் ஒப்புக்கொடு! அவருக்கே ஒருநாள் டீயில் சர்க்கரை குறைந்தது. ஒப்புக்கொடுத்தாரா? டீக்காரரை நிற்கவைத்துக் கிழித்துவிட்டார்.

அக்கா இதையெல்லாம் பெரிதுபடுத்துகிறவள் இல்லை. ஒவ்வொரு விரிப்பைத் தேய்க்கும்போதும், அதில் படுக்கப்போகும் முகம் தெரியாத நோயாளிக்காக மாதாவிடம் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுவாள். யாரிடமும் அதைச் சொன்னதில்லை. ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மகளுக்குப் புதுநன்மை. பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறது. வேலைப் பட்டியலிலோ அதே காலையில் அக்காவின் பெயர். விடுப்புத் தாளை எடுத்துக்கொண்டு போய் நீட்டினாள்.

“ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா போதும் சார்.”

“ஆள் இல்லையேம்மா. பிள்ளைய உங்க அம்மா கூட்டிட்டுப் போகட்டும். நீ அந்த வேதனைய அப்படியே ஒப்புக்கொடுத்துடு. எப்பேர்ப்பட்ட தியாகம் தெரியுமா!”

கையொப்பம் கேட்டு வந்தவளுக்கு ஒப்புக்கொடுத்தல்தான் கிடைத்தது. உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தவள் (கூடத்தில் எல்லாருக்கும் அவள் சித்தி) வேலையை நிறுத்திவிட்டுக் கதவோரம் வந்து நின்றாள்.

“சார், கால் வலி என்னோடது, அதைக் குடுத்துட்டேன்,” என்றாள் அக்கா. “இது என் பிள்ளையோட நாள். அதை எடுத்துக் குடுக்க நான் யாரு?”

“அப்ப வேலைய யாரு பாக்குறது?”

“அதைத்தான் ஒப்புக்கொடுக்கப்போறேன்.” அக்கா விறுவிறுவென்று போய் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிவந்து, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். “உங்க கையில.”

“ஏம்மா, ஞாயித்துக்கிழமை வாசகம் நான்ல வாசிக்கணும்!”

“ஒப்புக்கொடுத்துடுங்க சார்,” என்றாள் சித்தி.

மனிதர் பேனாவைத் திறந்தார். வேறென்ன செய்வார்? கைவசம் இருந்த ஒரே சொல்லையும் சித்தி எடுத்துக்கொண்டுவிட்டாளே! கையொப்பம் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை நற்கருணை வாங்கியபோது அக்கா பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதே நேரத்தில் மேற்பார்வையாளர் நீராவிக்கு நடுவே நின்று, எண்ணூறு விரிப்புகளை ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்துத் தள்ளினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்று உங்கள் வீட்டில் ஒருத்தி இடுப்பு ஒடிகிறது என்றாளே, எழுந்துபோய்ப் பாத்திரத்தைக் கழுவினீர்களா, இல்லை, “ஆண்டவர் பாத்துக்குவார்” என்று நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டீர்களா?

“எண்ணூறா!” என்கிறாள், நான் எழுதிய இதை என்னையே வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த சித்தி. “எட்டு. ஒன்பதாவதுல கையச் சுட்டுக்கிட்டாரு. ஒப்புக்கொடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. மருந்து தடவி உக்கார வச்சிட்டு, மிச்சத்த நான்தான் தேச்சேன்.”