பதினேழாம் எண் தேன்

ஃபிரிட்ஜைத் திறந்து மூன்றாம் முறையாக எண்ணினார் டாக்டரம்மா. முப்பத்தொன்பது. முதல் தடவையும் முப்பத்தொன்பதுதான், இரண்டாம் தடவையும் முப்பத்தொன்பதுதான். பதினாறாம் எண் பாட்டிலுக்கும் பதினெட்டாம் எண் பாட்டிலுக்கும் நடுவே பல் விழுந்த வாய் மாதிரி ஓர் இடைவெளி இருந்தது.

கணினியைக் கேட்டால் அது வேறு கதை சொன்னது. "எண் 17. தேன். மூன்றாம் தட்டில் உள்ளது."

டாக்டரம்மா ஊசி போடும் டாக்டர் இல்லை. தேனை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிதியில் அவர் தலைமையில் மூன்று வருடமாக ஒரு திட்டம் நடந்துகொண்டிருந்தது. கடையில் தேன் வாங்குகிறவர் பாட்டிலில் உள்ள க்யூஆர் கட்டத்தைக் கைபேசியில் காட்டினால் போதும். யார் வளர்த்த தேனீ, எந்த வண்டியில் வந்தது, எந்தக் கிடங்கில் எத்தனை நாள் கிடந்தது எல்லாம் வந்துவிடும். நடுவில் எவராவது சர்க்கரைப் பாகைக் கலந்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும். இதற்காக நாற்பது தேனீ வளர்ப்பவர்களிடம் மாதிரி கேட்டிருந்தார்கள். போன வெள்ளிக்கிழமை "நாற்பது பாட்டில் பெற்றுக்கொண்டேன்" என்று டாக்டரம்மாவே கையெழுத்துப் போட்டிருந்தார்.

இன்று செவ்வாய். வியாழக்கிழமை, நிதி கொடுத்த வாரியத்திலிருந்து மதிப்பீட்டாளர் வருகிறார். திட்டத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டிப்பதா, இழுத்து மூடுவதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஊரில் உள்ள தேனையெல்லாம் தடம் பிடித்துக் காட்டுகிறேன் என்று சொன்னவர், சொந்த ஃபிரிட்ஜில் இருந்ததைத் தொலைத்துவிட்டு எந்த முகத்தோடு அவர் முன்னால் நிற்பது?

டாக்டரம்மாவைத் தவிர ஃபிரிட்ஜ் சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஒருவர் ஸ்டோர்காரர். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கட்டடத்தில் சாவிக்கொத்தோடு நடமாடுகிறவர்.

"அண்ணா, ஃபிரிட்ஜை யாராவது திறந்தாங்களா?"

"தினமும் திறக்கறாங்க மேடம்."

"பதினேழு இல்ல."

ஸ்டோர்காரர் எட்டிப் பார்த்தார். "பதினெட்டு இருக்கே."

"பதினெட்டு இருக்குன்னா பதினேழும் இருக்கணும்ல?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அந்த நிதானம் டாக்டரம்மாவுக்குப் பிடிக்கவில்லை. குற்றமில்லாதவன் கொஞ்சமாவது பதற மாட்டானா?

இன்னொரு சாவி இளநிலை ஆய்வாளரிடம் இருந்தது. எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுவாள் என்பதால் ஆய்வகத்தில் அவளுக்குப் பெயரே 'பட்டியல்'. பாட்டில் தொலைந்ததைச் சொன்னதும் அவள் பதறிப்போய்க் கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டாள்.

அந்தப் பதற்றமும் டாக்டரம்மாவுக்குப் பிடிக்கவில்லை. குற்றமில்லாதவள் எதற்காக இப்படிப் பதற வேண்டும்?

சாயங்காலத்துக்குள் ஃபிரிட்ஜுக்கு இரண்டாவதாக ஒரு பூட்டு வந்தது. பக்கத்தில் ஒரு நோட்டும் கட்டித் தொங்கவிடப்பட்டது. திறக்கிறவர்கள் நேரம், காரணம், கையெழுத்து மூன்றும் எழுத வேண்டும்.

"சார், இனிமே ரெண்டு பேர் சேர்ந்துதான் திறக்கணும்" என்றார் டாக்டரம்மா.

ஸ்டோர்காரர் சாவிக்கொத்தை ஒரு தரம் குலுக்கினார். "காலையில அண்ணாவா இருந்தேன். இப்ப சார் ஆயிட்டேனா மேடம்?"

டாக்டரம்மா பூட்டை இழுத்துப் பார்த்தார்.

புதன்கிழமை மதியத்துக்குள் நோட்டில் இருபத்து மூன்று கையெழுத்து விழுந்திருந்தது. ஆய்வகத்தில் இருந்த ஒன்பது பேரும் மாறி மாறி ஃபிரிட்ஜைத் திறந்திருந்தார்கள். முதல் காரணம் 'பாட்டில்களை எண்ண'. அடுத்தது 'முன்னால் எண்ணியவர் ஒழுங்காக எண்ணினாரா என்று பார்க்க'. அதற்கும் கீழே ஒருவர் 'பூட்டியிருக்கிறதா என்று திறந்து பார்க்க' என்று எழுதியிருந்தார். கதவு மூடிய நேரத்தைவிடத் திறந்திருந்த நேரமே அதிகம் என்பதால் உள்ளே சூடு ஏறி, ஃபிரிட்ஜ் அலாரம் அடிக்க ஆரம்பித்தது. அலாரத்தை நிறுத்த மறுபடி திறந்தார்கள். அதற்கும் ஒரு கையெழுத்து.

பட்டியல் ஒரு தாளோடு வந்தாள். "மேடம், சந்தேகப்பட வேண்டியவங்க லிஸ்ட்."

டாக்டரம்மா வாங்கிப் பார்த்தார். "என் பேர் ஏன் முதல்ல இருக்கு?"

"அகர வரிசை மேடம்."

"அகர வரிசையில உன் பேர் எங்க?"

பட்டியல் தாளை எட்டிப் பார்த்தாள். "என் பேரை எழுத விட்டுட்டேன் போல."

அன்று ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவரவர் டப்பாவை எடுத்துக்கொண்டு அவரவர் மூலைக்குப் போனார்கள். ரொட்டியில் தேன் தடவிக் கொண்டுவந்த ஒருவர் அதைத் தின்னவும் பயந்து, தூக்கிப் போடவும் பயந்து, மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மூன்று மணிக்கு டாக்டரம்மா எல்லோரையும் கூப்பிட்டார்.

"யார் எடுத்தீங்கன்னு கேக்க மாட்டேன். எதுக்குன்னும் கேக்க மாட்டேன். ரெண்டு பூட்டையும் கழட்டிடறேன். நாளைக்குக் காலையில நான் வரும்போது பதினேழு அதோட இடத்துல இருக்கணும். அவ்வளவுதான்."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதையும் டாக்டரம்மா கவனித்துக்கொண்டார்.

வீட்டில் கணவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். பள்ளியில் புவியியல் ஆசிரியர். டாக்டரம்மா பையை வீசிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"என்னங்க, ஒரு தேன் பாட்டில் காணாமப் போச்சு. யார் மேல சந்தேகப்படறதுன்னே தெரியல."

கணவரின் சிவப்புப் பேனா நின்றது. "எவ்வளவு பெரிய பாட்டில்?"

டாக்டரம்மா விரலால் அளவு காட்டினார்.

"உன் பையில இருந்ததா?"

"என் பையில எதுக்கு இருக்கப்போகுது?"

கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டிய அவசியமே இல்லாத கண்ணாடி. "ஞாயித்துக்கிழமை நீ வெளிய போயிருந்தே. ரொட்டிக்குத் தொட்டுக்க ஒண்ணுமில்ல. உன் பையில சின்னதா ஒரு பாட்டில் இருந்துச்சு. லேபிள் இல்ல. இனிப்பாத்தான் இருந்துச்சு."

"எவ்வளவு சாப்பிட்டீங்க?"

"நாலு ரொட்டிக்கு வந்துச்சு."

"பாட்டில்?"

"குப்பைக்குப் போயிடுச்சு."

வெள்ளிக்கிழமை கோப்புகளை அள்ளிப் பையில் போட்டபோது பாட்டிலும் சேர்ந்து விழுந்திருக்க வேண்டும். இரண்டு நாளாக ஒன்பது பேரைத் திருடர்களாகப் பார்த்தாயிற்று. திருடியது அவர் பை. தின்றது அவர் புருஷன்.

டாக்டரம்மா எழுந்து அலமாரியிலிருந்து வீட்டுத் தேன் பாட்டிலை எடுத்தார்.

"இது தப்பில்லையா?" என்றார் கணவர்.

"தப்புதான். நீங்க தின்னது தப்பில்லையா?"

கணவர் விடைத்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் டாக்டரம்மா ஆய்வகத்துக்குள் நுழைந்தார். காலி மாதிரி பாட்டில் ஒன்றில் வீட்டுத் தேனை ஊற்றினார். 17 என்று ஒரு ஸ்டிக்கர் அச்சடித்து ஒட்டினார். அவசரத்தில் ஸ்டிக்கர் கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஃபிரிட்ஜைத் திறந்தார்.

மூன்றாம் தட்டில் பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே பதினேழு இருந்தது. அதை ஒட்டி இன்னொரு பதினேழும் இருந்தது.

டாக்டரம்மா கையில் மூன்றாவது பதினேழோடு நின்றார். வெளியே காலடிச் சத்தம். பட்டியலின் குரல் கேட்டது. "இப்படி வாங்க சார். மேடம் வந்துட்டாங்க போல."

யோசிக்க நேரமில்லை. கையிலிருந்ததையும் உள்ளே செருகிவிட்டு டாக்டரம்மா கதவைச் சாத்தினார்.

மதிப்பீட்டாளர் ஒல்லியான மனிதர். எதையும் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவார் என்று சொல்லியிருந்தார்கள். வணக்கம் சொன்ன கையோடு நேராகப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து, ஒவ்வொரு பாட்டிலாகத் தொட்டு எண்ணினார். பதினேழில் நின்றார். இன்னொரு பதினேழில் நின்றார். மூன்றாவதில் நின்று திரும்பினார்.

"நாற்பதுன்னு அறிக்கையில இருக்கு. இங்க நாற்பத்திரண்டு இருக்கே. நிதி கொடுத்த இடத்துல எல்லாம் எதாவது குறைஞ்சுதான் பாத்திருக்கேன். கூடிப் பாத்ததே இல்ல."

பட்டியல் சுவரைப் பார்த்தாள். ஸ்டோர்காரர் தரையைப் பார்த்தார். டாக்டரம்மாவின் வாய் அவரைக் கேட்காமலேயே பேசத் தொடங்கியது.

"அது ஒரு பரீட்சை சார். மூணுல ஒண்ணுதான் அசல். மத்த ரெண்டும் நாங்களே கலந்து வச்சது. எங்க மெஷின் அசலைச் சரியாக் கண்டுபிடிக்குதான்னு பாக்கத்தான்."

மதிப்பீட்டாளரின் முகம் மலர்ந்தது. "பிரமாதம். என் முன்னாலயே செய்ங்க."

நாற்காலியை இழுத்து இயந்திரத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த இயந்திரம் தேனில் உள்ள மகரந்தத்தைப் பார்த்து அது எந்தப் பக்கத்துப் பூவிலிருந்து வந்தது, யாருடைய தேன்பெட்டி என்று சொல்லும்; பாகு கலந்திருந்தால் அதையும் காட்டும். நாற்பது பேரின் தேன்பெட்டிகளைச் சுற்றியுள்ள பூக்களின் மகரந்தக் கணக்கை முன்பே அதில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஒரு பாட்டிலுக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

முதல் பாட்டில்: பாதிக்கு மேல் சர்க்கரைப் பாகு. பட்டியலின் காது சிவந்ததை டாக்டரம்மா பார்த்தார். திட்டம் மூடினால் அவள் வேலையும் போய்விடும். அந்தப் பயத்தில் அகப்பட்டதை வாங்கி ஊற்றியிருக்கிறாள் பாவம்.

டாக்டரம்மா வைத்த கோணல் ஸ்டிக்கர் பாட்டில் அடுத்துப் போனது. 'அடையாளம் தெரியவில்லை' என்றது இயந்திரம். மூன்று வருடமாக வீட்டில் அதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கடைசிப் பாட்டிலுக்கு இயந்திரம் ஒரு முறை முனகிவிட்டுப் பச்சை விளக்கைப் போட்டது. 'எண் 17. பொருத்தம் தொண்ணூற்றேழு விழுக்காடு.'

"நான் வச்சதா?" என்றார் ஸ்டோர்காரர்.

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குப் புரிந்தது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

டாக்டரம்மாவுக்கு ஒரு பக்கம் குழப்பம். பதினேழு இங்கேயே இருந்ததென்றால் கணவர் தின்றது எதை? தொண்டை வறண்டு இருமல் வந்தது. இருமல் மருந்துக்காகப் பையில் கைவிட்டார். பையின் மூலை முடுக்கெல்லாம் தேடியும் மருந்து பாட்டில் அகப்படவில்லை. லேபிள் உரிந்துபோன சின்ன பாட்டில். வராந்தாவுக்குப் போய்க் கணவருக்குப் போன் செய்தார்.

"நீங்க சாப்பிட்டது தேன் இல்ல. என் இருமல் மருந்து."

"அதான் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேனா?"

டாக்டரம்மா திரும்பி வந்தபோது அவர் நடையே மாறியிருந்தது. மடியில் இருந்த கனம் இறங்கிவிட்டது. மதிப்பீட்டாளரிடம் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்று பட்டது. தன் பாட்டில் விவகாரத்தைத் தவிர.

"சார், ஒரு உண்மையைச் சொல்லிடறேன். பதினேழு நிஜமாவே திருடு போயிருந்துச்சு. இப்ப எங்க மெஷினே திருடின ஆளைக் காட்டிக் கொடுத்துடுச்சு."

"நான் திருடல மேடம்" என்றார் ஸ்டோர்காரர். "தெருமுனைக் கடையில வாங்கினேன். சாவி என்கிட்ட இருக்கு, பழி என் மேலதான் விழும்னு பயந்து வாங்கி ஊத்தி வச்சேன்."

"கடைத் தேனுன்னா மெஷின் எப்படிப் பதினேழுன்னு சொல்லும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அது உங்க மெஷின்."

"வாங்கினதுக்கு ரசீது இருக்கா?"

"பயந்துக்கிட்டு வாங்கறவன் ரசீதா கேப்பான்?"

பட்டியல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டாக்டரம்மா அவளைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். சர்க்கரைப் பாகு அவளுடையது. பேசினால் அதைப் பற்றியும் பேச வேண்டிவரும். டாக்டரம்மாவுக்கும் அப்படித்தான். கோணல் ஸ்டிக்கர் இன்னும் மேசைமேல் இருந்தது.

"மெஷின் பொய் சொல்லாது சார்" என்றார் டாக்டரம்மா, ஸ்டோர்காரரைப் பார்த்து.

ஸ்டோர்காரர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தார். அதில் பதினோரு சாவிகள். ஒவ்வொன்றாகத் தொட்டு, எது எந்தக் கதவுக்கு என்று நிதானமாகச் சொல்லி, மேசைமேல் வைத்தார். சாப்பாட்டு டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டார்.

"மாடிக் கதவுக்கு மட்டும் சாவியைக் கொஞ்சம் தூக்கித் திருப்பணும்" என்றார். "இல்லேன்னா திறக்காது."

மதிப்பீட்டாளர் இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். "கலப்படத்தைப் பிடிக்கிறது எல்லாரும் செய்யறதுதான். திருட்டையும் பிடிக்குதே. எங்க வாரியத்துக்கு இது மாதிரி ஒண்ணு தேவைப்பட்டுது. மூணு வருஷம் இல்ல, அஞ்சு வருஷத்துக்கு நீட்டிக்கச் சொல்றேன்." பெரிதாக ஒரு கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, தாளை டாக்டரம்மாவிடம் நீட்டினார்.

டாக்டரம்மா இரண்டு கையாலும் அதை வாங்கினார். ஸ்டோர்காரர் வாசலுக்குப் போய்விட்டார். அங்கே எதிரே வந்த ஒருவர்மேல் மோதிக்கொள்ளாமல் ஒதுங்கி நின்று வழிவிட்டார். வந்தவர் வெளியூர்களுக்குப் போய் மாதிரி சேகரித்து வரும் வண்டியின் டிரைவர். வெள்ளிக்கிழமை மாதிரிகளை இறக்கிவிட்டு மறுபடி கிளம்பியவர் இப்போதுதான் திரும்பியிருந்தார். சட்டையெல்லாம் தூசி. உள்ளே எல்லோரும் நிற்பதைப் பார்த்து வாசலிலேயே தயங்கி, கையிலிருந்த சின்னப் பொட்டலத்தை உயர்த்திக் காட்டினார்.

"மேடம், அந்தப் பதினேழாம் நம்பர்காரர் வீடு போன வாரம் பூட்டியிருந்துச்சு, இன்னிக்குத்தான் தேன் கொடுத்தாரு, இதை எங்க வைக்கட்டும்?"