ஈ சாரின் குப்பிகளும் என் கையெழுத்தும்

பால்குடி மறக்காத பிள்ளை இருக்கும் வீட்டின் மாடியை, புழு பிடிப்பவருக்கு வாடகைக்கு விட்டது சரியா, தப்பா? மூன்று வருடமாக யோசிக்கிறேன், விடை தெரியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். போடிநாயக்கனூரே ஈயை விரட்டிக்கொண்டிருந்தபோது, ஈயை விருந்துக்கு அழைத்தவர் அவர் ஒருவர்தான்.

தெருவில் அவர் பெயர் ஈ சார். ராசிங்காபுரத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்பில் காலையில் அவரும் ஏறுவார், மடியில் கோழி ஈரல் டப்பாவோடு. போடிமெட்டு மலைச்சாலையில் வளைவுக்கு வளைவு ஈரலைத் தொங்கவிடுவார். அதில் வரும் ஈயையும் புழுவையும் பிடித்து, ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் குப்பிகளில் போடுவார்.

"டிரைவரண்ணே, ஒண்ணு அந்த நாத்தத்த மேல கட்டுங்க, இல்ல எங்கள மேல கட்டுங்க" என்பார்களாம் ஜீப்பில் வரும் பெண்கள்.

எதற்கு இதெல்லாம் என்று ஒருநாள் பயந்துகொண்டே கேட்டேன்.

"காட்டுல பொணம் கெடந்தா போலீசுக்கு முந்தி ஈ போயிரும்க்கா. புழு எத்தன நாளு வளந்திருக்குன்னு பாத்தா, ஆளு எப்பச் செத்தாருன்னு சொல்லலாம். ஆனா ஒவ்வொரு ஈயோட புழுவும் ஒவ்வொரு வேகத்துல வளரும். பாக்க எல்லாம் ஒண்ணுபோல இருக்கும். மரபணுவப் பாத்தாத்தான் இன்ன ஈன்னு தெரியும். எந்த உயரத்துல எந்த ஈ இருக்குன்னு நம்ம மலைக்கு ஒரு பட்டியல் போடுறேன்."

"பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதே, சார்?"

"ஸ்பிரிட்டுல கெடக்குற புழு பாப்பாவ என்னக்கா செய்யும்? பாப்பாதான் அத ஏதாச்சும் செய்யும்."

அதன் பிறகும் பால் பாத்திரத்தை மூன்று முறை கழுவினேன்.

அவருக்குப் பெண் கொடுக்க நினைத்தவர்கள் என்னிடம் விசாரிக்க வந்தார்கள். நல்லது சொல்ல வேண்டுமே என்ற பதற்றத்தில், "தங்கமானவர், புழுவக்கூட அதட்ட மாட்டார்" என்றேன். பாதிக் காப்பியோடு எழுந்து போனார்கள்.

அதைவிடப் பெரிய உபகாரமும் செய்தேன். போன வருடம் அவர் அறுவடைக்காக ஊருக்குப் போயிருந்தபோது மாடியைக் கூட்டப் போனேன். ஒவ்வொரு குப்பிக்குள்ளும் ஒரு துண்டுக் காகிதம், அதில் எந்த வளைவு, எந்தத் தேதி என்று பென்சில் கிறுக்கல். எவ்வளவு படித்த மனிதர், கையெழுத்து இப்படியா? பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். புருவம் திருத்தும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, புதுக் காகிதத்தில் நீலப் பேனாவால் முத்து முத்தாக எழுதிப் போட்டேன். பழையதைக் குப்பை வண்டியில் கொடுத்துவிட்டேன்.

அவர் திரும்பி வந்தபோது குப்பியெல்லாம் நீலம், காகிதமெல்லாம் வெள்ளை.

"பேனாவாக்கா?"

"நல்ல பேனாதான், சார்."

"ஸ்பிரிட்டு மையக் கரைச்சிரும்க்கா. அதான் பென்சிலு."

"மரபணுவப் பாத்தா தெரியாதா?"

"என்ன ஈன்னு தெரியும். எந்த வளைவுல ஏறுச்சுன்னு தெரியாதுல்ல. அதுகிட்ட பஸ் டிக்கெட்டா இருக்கு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இரண்டு வருட மலைவேலை போயிருந்தது. மறுநாளே ஈரல் டப்பாவோடு ஜீப் ஏறினார். அன்று மாலை அவருடைய பேராசிரியர் போனில் கத்தியது மாடிப்படி வரை கேட்டது. "ஆமா சார், என் கவனக்குறைவுதான்" என்றார் இவர்.

நான் பேசுகிறேன் என்றேன். "வேணாம்க்கா. ஒங்க மேல பழி போட்டுட்டு, பாப்பா மாமான்னு கூப்புட்டா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்புறது?" என்று தடுத்துவிட்டார்.

ஞாயிறுகூட விடாமல் மலையேறி, பட்டியலை ஒரே வருடத்தில் மறுபடியும் முழுதாக முடித்துவிட்டார். தடய அறிவியல் ஆய்வகம் ஒன்றில் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். பரிந்துரைக் கடிதம் தர வேண்டிய பேராசிரியரோ, "கவனமில்லாத ஆளுக்கு எப்படித் தருவது?" என்கிறாராம்.

நடந்ததையெல்லாம் அந்தப் பேராசிரியருக்கு எழுதி, உறையும் ஒட்டி வைத்திருக்கிறேன். அனுப்பினால் ஈ சாரின் பேச்சை மீறியவள் ஆவேன். அனுப்பாவிட்டால் அவர் வேலையைக் கெடுத்தவள் ஆவேன். வேலை கிடைத்தால் அவர் போய்விடுவார் என்பதும் தெரியும். மாடி காலியாகுமா என்று கேட்டு வருபவர்களிடம், அங்கே எங்கள் வீட்டுப் பிள்ளை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். கடிதத்தைத் தபாலில் போடட்டுமா? நீங்களாவது சொல்லுங்கள்.