எண்பதாம் நம்பர் பிளாட்பாரம்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் ஓடுகிற அத்தனை பஸ்ஸையும் பெற்ற பிள்ளைகளைப் போல அறிந்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவரிடம் பஸ் கிடையாது. சைக்கிள்கூடக் கிடையாது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மட்டும் வைத்திருந்தார். எல்லாரும் அவரை என்கொயரி என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம்.

நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு அந்தக் கடையில் லேமினேஷன் மெஷின் முன்னால் உட்கார்ந்தவன். பூலாம்பாடியிலிருந்து காலை ஏழே முக்கால் பஸ்ஸில் வருவேன். வருவேன் என்றால், பஸ் கிளம்பிய பிறகு பின்னாலேயே ஓடிப் போய் ஏறுவேன். கண்டக்டர் என்னைத் திட்டாத நாள் ஞாயிற்றுக்கிழமை.

கடைக்கு ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் பஸ் கேட்க வருவார்கள்.

"அண்ணே, அகரம்சீகூர் பஸ்ஸு எப்ப?"

தலையைத் தூக்காமலே பதில் வரும். "பத்து இருபத்தஞ்சு. டிரைவர் குன்னத்துல டீ குடிப்பாரு. ஏழு நிமிசம் சேத்துக்க."

இதையெல்லாம் ஒரு வெப்சைட்டில் ஏற்றிவிட வேண்டும் என்று ஒருநாள் அவருக்குத் தோன்றிவிட்டது. பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார். யூட்யூப் பார்த்துத் தானே படித்தார். படித்ததை என்னிடம் ஒப்பித்தார். நான் லேமினேஷன் சூட்டில் தப்பிக்க வழியில்லாமல் கேட்டேன்.

"வெறும் எச்டிஎம்எல்லுங்கறது பஸ் ஸ்டாண்டு செவுத்துல பெயிண்ட்ல எழுதுன போர்டுடா. எழுதுனா எழுதுனதுதான். பிஎச்பிங்கறது டைம் கீப்பரு. மணி என்னன்னு பாத்து, அடுத்த பஸ்ஸு எதுன்னு வாயத் தொறந்து சொல்லுவாரு."

"சர்வர்னா?"

"டைம் கீப்பர் உக்காற கூண்டு. கூண்டு இல்லாம அவரு எங்க உக்காருவாரு?"

"கூண்டு எங்கண்ணே இருக்கு?"

"இந்தப் பொட்டிக்குள்ளயேதான். லோக்கல்ஹோஸ்ட்டுன்னு அடிச்சா வரும்."

"அப்ப வெளிய ஒருத்தரும் பாக்க முடியாதா?"

"இப்பப் பாக்கக் கூடாது. ஒரு நேரம் தப்பா இருந்தாலும் ஒரு ஆளு நடுரோட்டுல நிப்பான்டா. எல்லாம் சரியானப்புறந்தான் வெளிய விடுவேன்."

"அதுக்குள்ள பஸ்ஸெல்லாம் பறக்க ஆரம்பிச்சுடும்ண்ணே."

கூண்டை நிறுவிய முதல் நாளே டைம் கீப்பர் வாய் திறக்கவில்லை. திரையில் முதல் வரியிலேயே தப்பு என்று ஆங்கிலத்தில் வந்தது. என்கொயரி இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தார். மூன்றாம் நாள்தான் காரணம் தெரிந்தது. எந்தக் காகிதத்தில் எழுதினாலும் தலையில் பிள்ளையார் சுழி போடுகிற மனிதர், பிஎச்பியிலும் முதல் வரியில் 'உ' போட்டிருந்தார். அதை எடுக்க மனசு வரவில்லை. கடைசியில் அதற்கு முன்னால் இரண்டு சாய்வுக்கோடு போட்டு, இந்த வரியைப் படிக்காதே என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டார். பிள்ளையாரும் இருந்தார், பஸ்ஸும் ஓடியது.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. ஞாயிறுதோறும் நோட்டோடு ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி நேரம் சரிபார்ப்பார். எந்த ஊரிலும் இறங்க மாட்டார். போய்த் திரும்புவதோடு சரி.

வயது முப்பத்தாறு ஆகியிருந்தது. ஜெராக்ஸ் கடை என்றதும் ஏழெட்டு வரன் தட்டிப் போயிருந்தது. அதனால் தரகர் மீன்சுருட்டியில் ஒரு வீட்டில், "மாப்ள வெப்சைட் வெச்சிருக்காருங்க" என்று போட்டுவிட்டார். பெண் பெயர் கலைவாணி, பிசிஏ. போட்டோ வந்தது. என்கொயரி அதை என்னிடம் கொடுத்து, "சும்மா லேமினேட் பண்ணி வைய்யி, ஈரம் பட்டுடும்" என்றார். அது சித்திரை மாதம். பெரம்பலூரில் ஈரத்தைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்துப் பெண்ணின் அப்பா போன் செய்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"தம்பி, என் மச்சான் மவன் போன்ல தேடித் தேடிப் பாத்துட்டான். உங்க பேர்ல ஒண்ணும் வரலையாம். ஜெராக்ஸ் கடைன்னா ஜெராக்ஸ் கடைன்னு சொல்லிட்டுப் போங்க. பொய் சொல்ற வூட்டுல பொண்ணு குடுக்க மாட்டேன்."

"பொய் இல்லீங்க. ஞாயித்துக்கெழம நேர்ல கொண்டாந்து காட்டுறேன்."

கொண்டுவந்து என்றால் நிஜமாகவே கொண்டுவந்துதான். ஞாயிறு காலை பெட்ஷீட்டில் சுற்றிய மானிட்டர் அவர் தோளில். கோணிப்பையில் சிபியூ என் தலையில். அவருடைய அக்கா பூ, பழத் தட்டோடு நின்றார். பஸ் ஏறும்போதுதான் அக்கா எண்ணிப் பார்த்தார்.

"ஏன்டா, மூணு பேரா பொண்ணு பாக்கப் போறதா? ஆகாதுடா."

என்கொயரி கோணிப்பையைக் காட்டினார். "இத நாலாவதா வெச்சுக்கக்கா."

அரியலூரில் பஸ் மாறியபோது கண்டக்டர் மானிட்டரைத் தட்டிப் பார்த்தார். "என்னங்க இது, டிவியா?"

"பஸ் நேரம்ங்க."

கண்டக்டர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

மீன்சுருட்டியில் பெண் வீடு மெயின் ரோட்டை ஒட்டியே இருந்தது. கேசரி வருவதற்குள் மேஜைமேல் கம்ப்யூட்டர் ஏறிவிட்டது. பெண்ணைப் பார்க்க வந்த கூட்டத்தைப் பார்க்க ஒரு கூட்டம் வாசலில் நின்றது. என்கொயரி சர்வரைத் துவக்கினார். பச்சையாக வேண்டிய இடம் சிவப்பாகவே இருந்தது. மறுபடி துவக்கினார். சிவப்பு. நெற்றியில் விபூதி கரைந்து மூக்குக்கு இறங்கியது.

"என்ன தம்பி, இங்கயும் வரலையா?" என்றார் பெண்ணின் அப்பா. குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு மட்டும் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. முந்தின நாள் சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தி மகனோடு வீடியோவில் பேச, அதே கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் ஏற்றியிருந்தேன். என்கொயரியிடம் சொல்லவில்லை. நான் கேசரியைக் கூர்ந்து கவனித்தேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்பா, எண்பதாம் நம்பர் போர்ட்ட வேற எதுவோ புடிச்சிருக்கும். அவங்கள எட்டாயிரத்து எண்பதுக்கு மாத்திப் பாக்கச் சொல்லுங்க."

அப்பா திரும்பினார். "என்ன சொல்லுது புள்ள?"

என்கொயரியின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக வெளிச்சம். "எண்பதாம் நம்பர் பிளாட்பாரத்துல வேற பஸ்ஸு நிக்குதுங்க. நம்ம பஸ்ஸ வேற பிளாட்பாரத்துல விடணும்." பிறகு என்னைப் பார்த்தார். "எவன் பஸ்ஸுன்னும் தெரியுது."

நம்பரை மாற்றினார். பச்சை எரிந்தது. பக்கம் திறந்தது. முதலில் உள்ளே இருந்த நிரலைக் காட்டினார். எல்லாம் ஆங்கிலம். தலையில் மட்டும் 'உ'. கதவுக்குப் பின்னால் வளையலும் சிரிப்பும் சேர்ந்து கேட்டன.

அப்பா சுலபமாக விடவில்லை. "ஜெயங்கொண்டம் பஸ்ஸு அடுத்தது எப்ப?"

பக்கம் சொன்னது, பதினொன்று பன்னிரண்டு. வீடே கடிகாரத்தைப் பார்த்தது. பன்னிரண்டு ஆயிற்று. பதிமூன்று, பதினான்கு. ரோட்டில் ஒரு ஆடு மட்டும் போனது. அக்கா பூத்தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார்.

என்கொயரி திரையைக் கீழே தள்ளினார். "குறிப்பு ஒண்ணு இருக்குங்க. முன்ஸ்டாப்புல கண்டக்டர் பூக்கூடைய ஏத்துவாரு. நாலு நிமிசம் சேத்துக்கணும்."

பதினொன்று பதினாறுக்கு ஹாரன் கேட்டது. அப்பா வாசலுக்குப் போய், பஸ்ஸைப் பார்த்து, அதன் பின்படியில் பூக்கூடையையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "கேசரி சாப்புடுங்க மாப்ள" என்றார்.

கலைவாணி வெளியே வந்து தட்டை வைத்தார். "இந்த பஸ்ஸு சனிக்கெழம வராதுங்க."

சம்பந்தம் முடிந்த சந்தோஷத்தைவிட இந்தச் செய்திதான் என்கொயரியை உலுக்கியது. தாம்பூலத்தைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுத்தார்.

கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகும் பஸ்கள் பெட்டிக்குள்ளேயேதான் ஓடின. கலைவாணிதான் ஒருநாள், "தப்பு இருந்தா ஜனமே சொல்லும். வெளிய விடாத பஸ்ஸு டிப்போலயே துருப்புடிச்சுடும்" என்று சொல்லி, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இணையத்தில் ஏற்றினார். அன்று முழுக்க என்கொயரி பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்பியவர் போலக் கடைக்குள் நடந்துகொண்டிருந்தார்.

நான் இப்போது திருப்பூரில் இருக்கிறேன். போன வாரம் சும்மா போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பூலாம்பாடி பஸ்ஸைப் பார்த்தேன். 'காலை 7.45. குறிப்பு: ஒருத்தர் ஓடி வந்து ஏறுவார். இரண்டு நிமிடம் சேர்த்துக்கொள்ளவும்.'

உடனே கூப்பிட்டேன். "அண்ணே, நான் அந்த பஸ்ஸுல ஏறி ஒண்ணர வருசம் ஆச்சு. அத எடுத்துடுங்க."

"பொங்கலுக்கு வருவல்ல?"

"வருவேன்."

"அப்ப இருக்கட்டும்டா."

பொங்கலுக்குப் போவேன். பஸ் ஸ்டாப்புக்குச் சீக்கிரமே போனாலும் மறைவாக நின்று, பஸ் கிளம்பிய பிறகுதான் ஓடுவேன். அவர் போட்ட நேரம் தப்பாகக் கூடாது.