இங்கு தைத்துத் தரப்படும்

மனிதர்களில் வாடகை வீட்டில் இருப்பவர் உண்டு, சொந்த வீட்டில் இருப்பவர் உண்டு. மூன்றாவதாக இன்னொரு இனமும் இருக்கிறது: காலி செய்துகொண்டே இருப்பவர். இவர் காலி செய்யமாட்டார், செய்துகொண்டே இருப்பார். ஒரு மாநிலத்தில் வேலை, அடுத்த மாநிலத்தில் வீடு, நடுவில் ஒரு சோதனைச்சாவடி என்று அமைந்துவிட்ட ஊர்களில் இந்த இனம் நன்றாகச் செழித்து வளர்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அறிமுகமான முதல் நிமிஷத்தில், உங்கள் பெயரைக் கேட்பதற்கு முன்னால், "நீங்க அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?" என்று கேட்டாரே ஒருவர், அவரேதான்.

நீங்கள் எந்தப் பக்கம் என்று சொன்னாலும் ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பக்கம் என்றால், "குடுத்து வச்சவர் சார், தண்ணிக் கஷ்டமே கிடையாது" என்பார். இந்தப் பக்கம் என்றால், "குடுத்து வச்சவர் சார், பள்ளிக்கூடம் பக்கத்துலயே இருக்கு" என்பார். ஆக, ஊரிலுள்ள அத்தனை பேரும் கொடுத்து வைத்தவர்கள், அவர் ஒருவரைத் தவிர. அவர் இன்னும் முடிவு பண்ணவில்லை.

எனக்குத் தெரிந்து இந்த இனத்தில் குறை சொல்ல முடியாத உருப்படி ஒன்று இருக்கிறது. நானும் அவரும் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரே குழாய் ஆலையில் வேலை பார்க்கிறோம். எங்கள் வீடுகள் இந்தப் பக்கம், ஒரே தெருவில். தினமும் அவர் காரில் நானும் போய் வருவதால் இதையெல்லாம் ஒன்பது வருஷமாகக் கேட்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. ஆலையில் அவருக்கு எல்லைச்சாமி என்று பெயர். ஊருக்குள்ளும் வரமாட்டார், ஊரைவிட்டும் போகமாட்டார் என்று யாரோ ஒரு புண்ணியவான் வைத்தது.

அவர் உத்தியோகம் என்ன தெரியுமா? தர ஆய்வாளர். குழாய்கள் ஒவ்வொன்றாக உருண்டு வரும். அதன் வாயில் அளவுக் கருவியை வைத்து ஒரு சுற்றுச் சுற்றி, "போ", "போ", "தள்ளு", "போ", "தள்ளு" என்று நாளைக்கு நானூறு தீர்ப்புச் சொல்வார். ஒரு தீர்ப்புக்கு மூன்று விநாடி. அவர் தள்ளிய குழாயை முதலாளியே வந்து கேட்டாலும் திரும்ப எடுக்கமாட்டார். அவ்வளவு கறார்.

அந்த மனிதர்தான் ஒன்பது வருஷத்துக்கு முன் மனைவியோடும் ஐந்து வயது மகளோடும் எங்கள் தெருவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வந்து இறங்கி, "ஒரு மாசம் தற்காலிகமா இருக்கோம். ரெண்டு பக்கமும் பார்த்துட்டு முடிவு பண்ணிடலாம்" என்றார். அந்த ஒரு மாதத்தில் மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

பார்க்கவில்லை என்று சொன்னால் எனக்கு நாக்கு அழுகிவிடும். பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும், ஒரு வாரம் அந்தப் பக்கம், ஒரு வாரம் இந்தப் பக்கம் என்று ஓரவஞ்சனை இல்லாமல் பார்த்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாக் குழாயையும் திறப்பார்; கையோடு கொண்டுபோன வாளி நிரம்ப எத்தனை விநாடி என்று எண்ணுவார்; சுவரைத் தட்டுவார்; சன்னலைத் திறந்து காற்று வருகிறதா என்று முகத்தை நீட்டுவார்; பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, கரண்ட் எத்தனை தடவை போகும், எப்போது வரும், போனால் எல்லோர் வீட்டிலும் போகுமா என்று விசாரிப்பார்; கடைசியாகக் கூடத்தின் நடுவே வந்து நின்று, கண்ணை மூடி, தலையை ஆட்டி, "நல்லா இருக்கு" என்பார்.

புரோக்கர் முகம் மலரும்.

"ஆனா…" என்பார்.

இந்த 'ஆனா'வில் ஒன்பது வருஷத்தில் நூற்றுச் சொச்சம் வீடுகள் விழுந்திருக்கின்றன. வீடு பார்த்துக் கொடுத்த புரோக்கருக்கு இதற்கிடையில் கல்யாணம் ஆகி, இரட்டைக் குழந்தை பிறந்து, நம்மவர் மூன்று முறை பார்த்துத் தள்ளிய ஒரு வீட்டை அவரே வாங்கிக் குடியும் போய்விட்டார். புதுமனை புகுவிழாவுக்கு நம்மவரைக் கூப்பிட்டார். நம்மவரும் போய், குழாய்களைத் திறந்து பார்த்து, "நல்லா இருக்கு, ஆனா…" என்றுவிட்டுச் சாப்பிட்டு வந்தார்.

அவரிடம் நோட்டுப் புத்தகங்கள் உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் நட்டநடுவே ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப்புறம் இந்த மாநிலத்தின் நல்லது கெட்டது, அந்தப்புறம் அந்த மாநிலத்துடையது. இப்போது நான்காவது நோட்டு நடக்கிறது. அவர் மனைவி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "பேசாம அந்தக் கோட்டு மேலயே ஒரு கட்டிலப் போட்டுப் படுத்துக்கங்க" என்றார். அதில் ஏதாவது சட்டச் சிக்கல் வருமா என்று மறுநாள் காரில் நம்மவர் என்னிடம் கேட்டார். கேலிக்குக் கேட்கவில்லை. சாவடி தாண்டும்வரை யோசித்துக்கொண்டே வந்தார்.

இப்படி இரண்டு பக்கமும் காலை வைத்திருப்பதால் வரும் சௌகரியங்கள் கொஞ்சமா? அவர் ஆலைக்கு அந்த மாநிலத்து விடுமுறைப் பட்டியல், மகள் பள்ளிக்கு இந்த மாநிலத்துப் பட்டியல். மகள் வீட்டில் இருக்கும் நாளில் அவர் குழாய் தள்ளிக்கொண்டிருப்பார். அவர் வீட்டில் இருக்கும் நாளில் மகள் வகுப்பில் இருப்பாள். வீட்டு மாடிப்படியில் ஏறினால் அந்த மாநிலம் 'தங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று கைபேசியில் குறுஞ்செய்தி வரும். இறங்கினால் இந்த மாநிலம் வரவேற்கும். எத்தனை வரவேற்பு! ஒன்றையும் அவர் ஏற்றுக்கொண்டதில்லை.

பள்ளிப் படிவத்தில் 'நிரந்தர முகவரி' என்ற இடத்தில் மகள் ஒருமுறை 'அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று எழுதிக் கொடுத்தாள். ஆசிரியை கூப்பிட்டு விசாரித்தார். அவள் பொய் சொல்லவில்லை.

இந்த இனத்தை அடையாளம் காண ஒரு சுலபமான வழி சொல்கிறேன். சுவரைப் பாருங்கள். ஆணி இருக்காது. எல்லைச்சாமி வீட்டில் கடிகாரம் ஃபிரிட்ஜின் தலையில் உட்கார்ந்திருக்கும். நாட்காட்டி சன்னல் கம்பியில் தொங்கும். "எதுக்கு ஆணி? நாளைக்கே கிளம்பினா யார் பிடுங்கறது?" என்பார். குடியிருப்பவர் ஆணி அடித்துவிடக் கூடாதே என்று வீட்டுக்காரர்கள் கவலைப்பட்டுத் திரிவதுதான் உலக வழக்கம். இங்கே மாடியில் இருந்த வீட்டுக்காரர் கீழே இறங்கிவந்து, "ஒரே ஒரு ஆணியாவது அடிங்க சார், பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு" என்று கெஞ்சினார்.

ஆனால் அந்த வீட்டில் ஆணி இல்லாமல் தவித்தது கடிகாரம் அல்ல. அவர் மனைவி.

அந்த அம்மா தையல்காரர். கை சுத்தமான கை. அவர் தைத்த சட்டையை உள்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாலும் யாருக்கும் தெரியாது. ஏழு வருஷத்துக்கு முன் ஆசையாக ஒரு பலகை எழுதச் சொன்னார். பலகை எழுதுபவர் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். பச்சை நிறத்தில் வெள்ளை எழுத்து: 'இங்கு பெண்கள், குழந்தைகள் உடைகள் தைத்துத் தரப்படும். முகவரி:' அதற்குப் பிறகு வெறும் பச்சை. முகவரியைப் பிறகு சொல்வதாக நம்மவர் நிறுத்தி வைத்திருந்தார்.

நம்மவர் பலகையை இரண்டு முறை படித்தார்.

"'இங்கு'ன்னு போட்டிருக்கீங்களே?"

"ஆமா சார்."

"நாளைக்கே நாங்க அந்தப் பக்கம் போயிட்டோம்னா? 'இங்கு'ங்கறது தப்பாயிடுமே?"

பலகை எழுதுபவர் பாவம், இந்தத் தொழிலில் இருபது வருஷம் இருந்தும் இப்படி ஒரு கேள்வியைச் சந்தித்ததில்லை. "சார், எங்க கொண்டுபோய் மாட்டினாலும் அது 'இங்கு'தான் சார்" என்றார்.

"அது சரி. ஆனா…"

பலகை பீரோவுக்குப் பின்னால் போனது. ஏழு வருஷம் அங்கேயே இருந்தது. யாரோ சொல்லித் தேடி வந்தவர்கள் மாடி ஏறிப்போய் வீட்டுக்காரரிடம் அளவுச் சட்டையை நீட்டினார்கள். வழி கண்டுபிடித்து வந்த நாலு பேருக்கும் கதவு திறப்பது நம்மவராக இருந்தால் போச்சு. உண்மையை மறைக்கத் தெரியாத மனிதர். "குடுங்க, தைக்கலாம். ஆனா அடுத்த மாசம் நாங்க இருப்போமான்னு தெரியலை" என்பார். வந்தவர் துணிக்கு எங்கே போய் நிற்பது என்று யோசித்து, துணியைத் திரும்பக் கட்டிக்கொண்டு போவார்.

இந்த வருஷம் கோடையில் பக்கத்துத் தெரு மழலையர் பள்ளியின் தலைமையாசிரியை வந்தார். அறுபது குழந்தைகளுக்குச் சீருடை. ஞாயிற்றுக்கிழமை. கதவைத் திறந்தது எல்லைச்சாமி. அப்புறம் என்ன, வழக்கமான பாட்டுத்தான். அந்த அம்மா மாவு பிசைந்த கையோடு சமையலறையிலிருந்து ஓடிவருவதற்குள் அறுபது குழந்தைகளும் தெருமுனை திரும்பிவிட்டார்கள்.

அந்த அம்மா திரும்பிப் போய் மீதி மாவைப் பிசைந்தார். நம்மவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் இந்த மாநிலத்துக்கு விடுமுறை. அந்த மாநிலத்துக்கு இல்லை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போனோம். சாயங்காலம் திரும்பி வந்து கார் நின்றதும் முதலில் பார்த்தது நான்தான். வாசல் சுவரில் பச்சைப் பலகை. வீட்டுக்காரர் துளை போடும் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தார். 'முகவரி:' என்பதற்குப் பிறகு மகள் தன் கையெழுத்தில் கதவு எண், தெரு, ஊர் எல்லாம் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தாள். இடம் பற்றாமல் மாநிலத்தின் பெயரை மட்டும் விட்டிருந்தாள்.

"யாரைக் கேட்டு அடிச்சே?" என்றார் நம்மவர், வாசலுக்கு வந்த மனைவியிடம்.

"வீட்டுக்காரரைக் கேட்டு."

"என்னைக் கேட்க வேணாமா?"

"உங்களைக் கேட்டு ஏழு வருஷம் ஆச்சு. இன்னும் பதில் வரலை."

"அதுக்கில்ல, நாளைக்கே அந்தப் பக்கம்…"

"போங்க, தாராளமா வீடு பாருங்க. ஆனா வாசல்ல நின்னு வர்றவங்ககிட்ட மாறப் போறோம்னு இனிமே ஒரு வார்த்தை பேசாதீங்க. அறுபது பிள்ளைங்க துணி கைவிட்டுப் போச்சு, எனக்கு வயிறு எரியுது. நாப்பது வயசாச்சுங்க எனக்கு. நான் இங்க இருக்கேன்னு எப்பதான் சொல்றது?"

நம்மவர் பலகை அருகே போனார். பழக்க தோஷம், சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துப் பலகையின் இரண்டு மூலையையும் அளந்தார். "இடப்பக்கம் கால் அங்குலம் இறங்கியிருக்கு" என்றார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருஷத்தில் கால் அங்குலம் இறங்கிய எதையும் அவர் 'போ' என்று விட்டதில்லை. நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காரில் சாவடி தாண்டியதும் சொன்னார்: "அந்த ஆணி தற்காலிகம்தான் சார்."

தற்காலிக ஆணியில் தொங்கும் பலகையைப் பார்த்துத் தலைமையாசிரியை திரும்ப வந்தார். அறுபது சீருடையும் வந்தன. அந்தப் பக்கத்திலிருந்தும் பெண்கள் துணிப்பையோடு எல்லை தாண்டி வருகிறார்கள். அதில் ஒருவரிடம் நம்மவர் ஆவலாக, "நீங்க அந்தப் பக்கமா?" என்று கேட்டார். "எந்தப் பக்கம்?" என்றாராம் அவர்.

இதையெல்லாம் படித்துச் சிரிக்கிறீர்கள். நல்லது. கொஞ்சம் தலையை நிமிர்த்தி உங்கள் கடிகாரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சுவரில் ஆணி இருக்கிறதே என்கிறீர்களா? அது நீங்கள் அடித்ததா, முன்னால் இருந்தவர் விட்டுப்போனதா? பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள், யாருடைய பலகையாவது தட்டுப்படும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆணி எந்தக் கடையிலும் கிடைக்கும். சுத்தியல் வேண்டுமானால் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வீட்டுக்கு வந்த புதிதில், பதினோரு வருஷத்துக்கு முன்னால் வாங்கியது. இன்னும் உறை பிரிக்கவில்லை.