ஐந்து மதிப்பெண் செல்

செல் சுருங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது.

தயாரிப்பு அறையிலிருந்த பழைய நுண்ணோக்கியில் சொட்டண்ணன் மூன்றாவது தடவையாகக் கண் வைத்தார். ஆய்வகத்துத் தொட்டிச் செடி இலையின் அடிப்பக்கத்திலிருந்து உரித்த மெல்லிய தோல். அதில் ஊதா நிறச் செல்கள் விருந்து முடித்தவர்கள் மாதிரி வயிறு முட்ட உட்கார்ந்திருந்தன. உப்புத் தண்ணீரில் போட்டால், செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் சவ்வைத் தாண்டி வெளியே ஓட வேண்டும். செல் சுவர் நின்ற இடத்தில் நிற்கும், சவ்வு மட்டும் சுருங்கி நடுவில் ஒண்டிக்கொள்ளும். பிளாஸ்மா சிதைவு என்று பாடப்புத்தகத்தில் படத்தோடு போட்டிருக்கிறது. இந்தச் செல்கள் புத்தகம் வாங்கவில்லை போலும்.

பத்து மணிக்குச் செய்முறைத் தேர்வு. மணி ஒன்பதேகால்.

பள்ளிக்கூடம் முழுக்க அவருக்குச் சொட்டண்ணன் என்றுதான் பெயர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாகச் சொட்டுக்குழாய் வைத்துக்கொண்டு அலைகிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள். உயிரியல் ஆய்வகத்தில் உதவியாளர். ஒன்பது வருஷமாகத் 'தற்காலிகம்'. அடையாள அட்டையில் அந்தச் சொல்லைச் சிவப்பு மையில் வேறு அடித்திருந்தார்கள், அவர் மறந்துவிடக் கூடாதே என்று.

இந்த வருஷம்தான் தலைமையாசிரியர் வாய் திறந்து சொல்லியிருந்தார்: வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஆய்வகத்தைப் பற்றி நாலு வரி நல்லபடியாக எழுதட்டும், பணி நிரந்தரத்துக்கு நான் பொறுப்பு. காலையில் கிளம்பும்போது மனைவி ஒன்றும் கேட்கவில்லை. சட்டையை மட்டும் இரண்டு தடவை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவர் உப்புக் கரைசல் பாட்டிலைத் திறந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்தது, ஒட்டியவரே அவர்தான். வெறும் தண்ணீர். நேற்று பாட்டிலில் பெயர்ச்சீட்டு ஒட்டிய அவசரத்தில் உப்பைப் போட மறந்திருக்கிறார்.

"அக்கா, கேன்டீன்லேர்ந்து கொஞ்சம் உப்பு வாங்கிட்டு வர்றீங்களா?"

தாழ்வாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுக்கார அம்மாள் விளக்குமாற்றைச் சாத்தினாள். "காலையில நீங்க சாப்பிடலையா தம்பி?"

"எனக்கில்லக்கா, செல்லுக்கு."

இந்த இடத்தில் ஒன்பது வருஷம் இருந்தால் இப்படித்தான் பேச்சு வரும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். காகிதத்தில் மடித்து ஒரு கைப்பிடி கொண்டுவந்தாள். அவர் கரைத்தார், ஒரு சொட்டு விட்டார். சமர்த்தாகச் சுருங்கின.

தேர்வுக் கூடத்து நுண்ணோக்கியை ஓர் அட்டைப் பெட்டிக்குள் மூடி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் திருகைத் திருகி எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறார்கள் என்று சொட்டண்ணனே செய்த ஏற்பாடு. பெட்டியின் தலையில் கண் வைக்க ஒரு துளை, பக்கவாட்டில் ஸ்லைடு நுழைக்க ஒரு வாய். நேற்று மதியமே குவியத்தைச் சரிபார்த்துவிட்டார். இனி ஸ்லைடைச் செருகினால் போதும். பக்கத்தில் கேள்வி அட்டை: 'இது எவ்வகைச் செல்? எக்கரைசலில் உள்ளது? காரணம் கூறு. ஐந்து மதிப்பெண்.'

செருகினார். பெருமூச்சு விட்டார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

தேர்வாளர் வந்தார். ஆனால் நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போய்விட்டார். டீ, பிஸ்கட், இரண்டு பேருக்கும் பொதுவான முதுகுவலி. அரைமணி நேரம் ஓடியது. சொட்டண்ணனுக்கு நிலைகொள்ளவில்லை. ஸ்லைடு காய்ந்துபோனால்? காய்ந்தால் உப்புப் பூத்துவிடும். அவர் சொட்டுக்குழாயை எடுத்து, பெட்டியின் வாய்க்குள் கைவிட்டு, பாசத்தோடு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார்.

விட்டுவிட்டு மூன்று அடி நடந்த பிறகுதான் தூக்கிவாரிப் போட்டது. நல்ல தண்ணீர்.

ஸ்லைடை உருவிக்கொண்டு தயாரிப்பு அறைக்கு ஓடினார். பார்த்தார். செல்கள் மறுபடி கொழுகொழுவென்று இருந்தன. வெளியே உப்பு குறைந்ததும் தண்ணீர் சவ்வைத் தாண்டி வீடு திரும்பிவிட்டது. சவ்வூடு பரவல் யாருடைய வேலை நிரந்தரத்தையும் பார்த்து நடப்பதில்லை.

அதற்குள் கூடத்தில் செருப்புச் சத்தம். வேறு வழியில்லாமல் அதே ஸ்லைடைக் கொண்டுபோய்ச் செருகினார்.

தேர்வாளர் பெரிய மனிதர். முப்பது வருஷ அனுபவம் அவருக்கு முன்னால் நடந்து வந்தது. பெட்டித் துளையில் கண் வைத்தார், ஒரு நொடி. நிமிர்ந்தார்.

"பிரமாதம். பிளாஸ்மா சிதைவுன்னா இப்படித்தான் இருக்கணும். யார் போட்ட ஸ்லைடு?"

"நம்ம சொட்டு... நம்ம உதவியாளர்தான் சார்," என்றார் உயிரியல் ஆசிரியை. அவரும் ஒரு கண் வைத்துப் பார்த்துவிட்டு, "ரொம்பத் தெளிவா இருக்கு," என்றார்.

உப்பிக் கிடக்கிற செல்லைப் பார்த்துவிட்டுச் சுருங்கியிருக்கிறது என்று சொல்கிறார்களே, ஏழை பிழைத்துப் போகட்டும் என்று விட்டுக்கொடுக்கிறார்கள், எவ்வளவு பெரிய மனசு என்று சொட்டண்ணன் உருகிப்போனார்.

ஆனால் பிள்ளைகள்? அவர்கள் பார்த்ததைத்தானே எழுதுவார்கள். மணி அடித்தது. முதல் பிரிவு வரிசையாக வந்தது. ஒருவருக்கு ஒரு நிமிடம். குனிவது, நிமிர்வது, எழுதுவது. ஒவ்வொரு தலை குனியும்போதும் ஐந்து மதிப்பெண் போவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. தேர்வாளர் ஜன்னல் பக்கம் திரும்பிய சமயம் பார்த்துப் பெட்டிக்குள் கையை விட்டு, உப்புக் கரைசலைச் சொட்டுக் கணக்கில்லாமல் விட்டார். காகிதத்திலிருந்த மீதி உப்பையும் அதில் கொட்டிக் கரைத்திருந்தார். தாராள மனசு.

முதல் பிரிவு வெளியேறி இரண்டாம் பிரிவு உள்ளே வர ஐந்து நிமிட இடைவெளி. ஸ்லைடைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பார்த்தார். அத்தனை செல்லும் செத்துக் கிடந்தது. உயிரோடு இருக்கிற வரைக்கும்தான் சவ்வு எதை விடலாம், எதை விடக் கூடாது என்று பார்க்கும். செத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் போகலாம், வரலாம். ஊதா நிறம் முழுக்க வெளியே ஒழுகி, யாரோ மையைக் கொட்டிய மாதிரி இருந்தது.

தொட்டிச் செடியில் இலை இல்லை. நேற்றுப் பயிற்சிக்கென்று பிள்ளைகள் மொட்டையடித்துவிட்டார்கள்.

"அக்கா, கேன்டீன்ல வெங்காயம் இருக்குமா? சிவப்பா பார்த்து?"

"இதுவும் செல்லுக்கா?"

"இதுல இருக்கிறதே செல்லுதான்க்கா, சீக்கிரம்."

வெங்காயம் வந்தது. பிளேடால் தோலை உரிக்கப் போய் விரலை அறுத்துக்கொண்டார். தண்ணீர்ச் சொட்டோடு தயாராக இருந்த ஒரு ஸ்லைடின்மேல் ரத்தம் ஒரு துளி விழுந்தது. அதன்மேலேயே ஸ்லைடை மூடுகிற மெல்லிய கண்ணாடி வில்லை ஒன்றும் சரிந்து படுத்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டே இன்னொரு ஸ்லைடில் வெங்காயத் தோலை அளவான உப்புத் தண்ணீரில் போட்டார். கண் வைத்தார். அழகாகச் சுருங்கியிருந்தது. மணி அடித்தது. ஸ்லைடைக் கையில் எடுத்தார், ஓடினார், செருகினார்.

இரண்டாம் பிரிவில் முதல் ஆள் மூக்குக்கண்ணாடி போட்ட பெண். பேச்சே வராத பிள்ளை. வருகைப் பதிவுக்கே கையை மட்டும் தூக்குவாள். குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். மாட்டிக்கொண்டு பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "அண்ணே, இதுல என்ன எழுதணும்?" என்று கேட்டாள்.

"பார்க்கிறதை எழுதும்மா."

"பார்க்கிறதை மட்டுமா?"

"வேற என்னத்தை எழுதுவ."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரே வரி எழுதினாள். கண் கலங்கியிருந்தது.

சொட்டண்ணன் மேசையைச் சுத்தம் செய்யலாம் என்று தயாரிப்பு அறைக்குத் திரும்பினார். அங்கே வெங்காய ஸ்லைடு சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

அப்படியென்றால் பெட்டிக்குள் இருப்பது அவருடைய ரத்தம். வெறும் தண்ணீரில். ரத்தச் சிவப்பணுவுக்குச் சுவர் கிடையாது, சவ்வு மட்டும்தான். தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், தடுக்க ஆளில்லாமல் செல் உப்பி உப்பி வெடித்துவிடும். அதற்குமேல் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. அவர் ஓடிப்போய் மாற்றுவதற்குள் கண்ணாடிக்காரப் பெண்ணோடு சேர்த்து நாலு பேர் பார்த்து முடித்திருந்தார்கள்.

மதியம் விடைத்தாள் திருத்தினார்கள். தேர்வாளரும் ஆசிரியையும் எதிரெதிரே. சொட்டண்ணன் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மாதிரி அலமாரியோரம்.

"எல்லாரும் 'தாவரச் செல், உப்புக் கரைசல், பிளாஸ்மா சிதைவு'. அஞ்சுக்கு அஞ்சு," என்றார் தேர்வாளர். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஆய்வகம் பார்த்ததில்லை." அறிக்கைத் தாளை இழுத்து, 'உதவியாளரின் பணி மிகவும் பாராட்டுக்குரியது. பணி நிரந்தரத்துக்குப் பரிந்து...' என்று எழுதத் தொடங்கினார். பாதியில் நிறுத்திச் சிரித்தார். "ஒண்ணே ஒண்ணுதான் சொதப்பல். கேளுங்க மேடம். 'வெறும் வெளிச்சம் மட்டுமே உள்ளது. செல் எதுவும் இல்லை.' பூஜ்யம் போட்டுட்டேன். ஒரு மணி நேரம் புத்தகத்தைத் திறந்திருந்தா இப்படி எழுதுமா இந்தப் பொண்ணு?"

ஆசிரியை உதட்டைச் சுழித்தார். "அது படிக்கிற பிள்ளைதான் சார். இந்த அஞ்சு போனா மேல வேளாண் படிப்புக்கு ரொம்ப இழுபறியாயிடும்."

பேனா மறுபடி தாளுக்குப் போனது. 'பரிந்து' என்பதற்குப் பிறகு ஒரு சொல்தான் பாக்கி. சொட்டண்ணன் அடையாள அட்டையைப் பார்த்தார். சிவப்பு மை. இரண்டு தடவை இஸ்திரி போட்ட சட்டை. வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றால் போதும், ஒன்பது வருஷம் முடிந்துவிடும். நிற்கத்தான் பார்த்தார். அவள் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

"சார், அந்தப் பொண்ணு எழுதினது சரி."

இருவரும் திரும்பினார்கள்.

"அவ பார்த்தப்ப உள்ள இருந்தது என் ரத்தம் சார். தப்பான ஸ்லைடைச் செருகிட்டேன். வெறும் தண்ணீர்ல எல்லாச் செல்லும் வெடிச்சுப் போயிருக்கும். வெளிச்சம்தான் இருந்திருக்கும். பார்த்ததை எழுதுன்னு நான்தான் சொன்னேன், எழுதியிருக்கா." ஆரம்பித்துவிட்டார், நிறுத்த முடியவில்லை. உப்பு மறந்தது, நல்ல தண்ணீர் விட்டது, செல்லைக் கொன்றது, நாலு பேர் பார்த்த பிறகு ஸ்லைடை மாற்றியது எல்லாவற்றையும் வரிசையாகக் கொட்டினார்.

தேர்வாளர் முகம் இறுகியது. "அவளுக்கு அப்புறம் மூணு பேர் அதே ரத்தத்தைத்தானே பார்த்தாங்க? அவங்க எப்படித் தாவரச் செல்லுன்னு எழுதினாங்க?"

ஆசிரியை மேசை விரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டே, "போன வருஷமும் இதே கேள்விதான் சார்," என்றார் மெல்ல. "அதுக்கு முந்தின வருஷமும்."

"அப்ப அந்த மூணு பேரும் பார்க்கவே இல்லை." தேர்வாளர் தலையை ஆட்டினார். "சரி, அந்தப் பொண்ணுக்கு அஞ்சு போட்டுடறேன். ஆனா நான் பார்த்தப்ப தெளிவா சுருங்கியிருந்ததே ஐயா. என் கண்ணு பொய் சொல்லுமா?"

"நீங்க பார்த்தப்ப உப்பியிருந்தது சார். நல்ல தண்ணீர் விட்டதுக்கு அப்புறம்தான் நீங்க வந்தீங்க."

தேர்வாளர் பேனாவுக்கு மூடியைப் போட்டார். அறிக்கைத் தாளைத் தன் பக்கம் இழுத்து, எழுதிய வரியின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"முப்பது வருஷமா மைக்ராஸ்கோப் பார்க்கிறவன்கிட்ட இப்படிப் பேசறீங்க. உங்க வேலையோட தரத்தை நீங்களே சொல்லிட்டீங்க. இதுக்கு மேல நான் என்ன பரிந்துரைக்க முடியும்?"

"எழுத வேண்டாம் சார். அந்தப் பொண்ணு மார்க்கை மட்டும் மறந்துடாதீங்க," என்றார் சொட்டண்ணன். மனைவிக்கு எப்படிச் சொல்வது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்திருந்தார்.

கதவருகே யாரோ செருமினார்கள். துப்புரவுக்கார அம்மாள், உள்ளங்கையில் எதையோ துணியில் பொதிந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, நேத்து சாயந்திரம் பெட்டியைத் தூக்கித் தூசி தட்டுறப்ப, அந்த மைக்ராஸ்கோப்புல கண்ணு வெச்சுப் பார்க்கிற லென்ஸைக் கழட்டித் துடைச்சு என் பையில வெச்சவ, திருப்பி மாட்டவே மறந்துட்டேன். இது இல்லாம இன்னிக்கு எல்லாரும் எதைப் பார்த்தாங்க?"